சுருதி சேரவில்லையாம்

கண்டி டவுனில் டீ-சேர்ட் வாங்கப் போனால் ஒரு கறுப்புச் சட்டை கட்டாயம் கண்ணில் படும். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கழுகு, சுற்றிவர நாலு பெயர். அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையைப் பார்த்து வரைந்தது. ரமோன்ஸ் என்ற நியூயோர்க் பங்க் குழுவின் சின்னம். எங்கள் வகுப்பில் மூன்று பேரிடம் இருக்கிறது, இதை எழுதுகிற எங்களில் ஒருவரிடமும் இருக்கிறது. அந்தக் குழுவின் ஒரு பாட்டுப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். 'அது ஒரு பிராண்ட் தானே?' என்று ஒருவர் திருப்பிக் கேட்டார்.

ரமோன்ஸின் முதல் அல்பம் 1976இல் வந்தது. 14 பாட்டு, மொத்தமாக அரை மணித்தியாலம்கூட வராது. அமெரிக்காவில் அந்த அல்பத்துக்குத் தங்கச் சான்றிதழ் கிடைத்தது 2014இல். அதற்குள் ஆரம்பக் குழுவின் நால்வரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், நாலாமவரும் அதே வருஷம் போய்ச் சேர்ந்தார். பாட்டு விற்க 38 வருஷம் எடுத்த குழுவின் சட்டை உலகம் முழுக்கத் தொங்குகிறது.

சட்டை போடுகிறவர்களை நக்கலடிக்க இதை எழுதவில்லை. நடந்தது வேறு.

இரண்டு மாதத்துக்கு முன் கண்டியில் ஒரு கலை விழா. யார் நடத்தினார்கள், எந்த மண்டபம் என்பது இங்கே வேண்டாம். இது எந்த மண்டபத்திலும் நடக்கிற கதைதான். எங்கள் நண்பர்கள் மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவர் தெல்தோட்டைப் பக்கம், ஒருவர் ஹந்தானைப் பக்கம், மற்றவர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். கையில் ஒரு தப்பு, இரவல் வாங்கிய ஒரு கிட்டார், சொந்தமாக எழுதிய ஒரு பாட்டு. பாட்டு தோட்டத்து நாட்சம்பளத்தைப் பற்றியது. ஆயிரம் ரூபாய் கேட்டு அம்மா வருஷக்கணக்காக ரோட்டில் நின்றது, 2021இல் அந்த ஆயிரம் வர்த்தமானியில் வந்தது, அடுத்த வருஷமே அந்த ஆயிரத்துக்குக் கடையில் என்ன கிடைத்தது என்று பாட்டு போகும்.

ஒத்திகை பார்க்க வந்த பெரியவர் பாதியிலேயே கையைக் காட்டினார். 'தம்பி, சுருதி சேரல்ல. தாளமும் நிக்கல்ல. முறையா படிச்சிட்டு அடுத்த முறை வாங்க.' திரும்பிப் போகும்போது இன்னொன்றும் சொன்னார்: 'தப்பு வேணாம். நல்ல காரியம் நடக்கிற இடம். மிருதங்கம் வாசிக்கிறவங்க யாராவது இருந்தா பாருங்க.'

அன்று பின்னேரம் அதே மேடையில் ஒரு தம்பி கரோக்கி போட்டு சினிமாப் பாட்டுப் பாடினார். பாட்டு ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். நல்ல கைதட்டல். தம்பியில் எங்களுக்குக் கோபமில்லை, நாங்களும் தட்டினோம். ஆனால் யாரிடம் சுருதி கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பது அன்றைக்கு நல்லா விளங்கியது.

இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சூடு. 'இதுதான்டா பங்க்!' என்று ஒருவர். 'சிட் விஷியஸுக்கு மட்டும் வாசிக்கத் தெரியுமா?' என்று இன்னொருவர். 'சுருதி யாருக்கு வேணும்?' என்று நாங்கள் எல்லோரும். முப்பது நாற்பது மெசேஜுக்குப் பிறகு தப்பு வாசித்த நண்பர் ஒரு குரல் பதிவு போட்டார்.

'எங்கள வச்சி நீங்க பங்க் விளையாடாதீங்க. நாங்க வேணும்னு பிழையா வாசிக்கல்ல. சேர்ந்து ப்ராக்டிஸ் பண்ண இடம் இல்ல. லயத்துல அடிச்சா பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தூக்கம் போகும். தங்கியிருக்கிற ரூம்ல அடிச்சா வீட்டுக்காரர் வந்துருவாரு. மூணு பேரும் ஒண்ணா வாசிச்சது ரெண்டே ரெண்டு தரம்.'

குழு அமைதியாகிவிட்டது. அந்தக் குரல் பதிவுக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட பதில்தான் இது.

முதலில் பெரியவருக்கு.

ஐயா, சுருதி சேரவில்லை என்று நீங்கள் சொன்னது சரி. கிட்டார் ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது, நாங்களும் கேட்டோம். ஆனால் 'முறையா படிச்சிட்டு வாங்க' என்றீர்களே, அதைத் தப்புக்காரரிடமும் சேர்த்துத்தான் சொன்னீர்கள். தப்பு எப்படி வாசிக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மரவளையத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். வாசிக்க முதல் நெருப்பில் காட்டி இறுக்கம் பார்ப்பார்கள். சூடு கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. அதுவும் சுருதி சேர்ப்பதுதான், தம்புரா பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் சத்தத்தை வைத்தே என்ன காரியம் என்று சொல்லிவிடுவார். மாசி மாதம் காமன் கூத்து நடக்கிற தோட்டம் ஒன்றுக்குப் போய் விடியும்வரை நின்று பாருங்கள். பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. அதனால் படிப்பும் இல்லை என்றாகிவிடுமா?

இன்னொன்று. தோட்டங்களில் அந்தக் காலத்தில் விடிய முதல் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியது இதே தப்புதான். வேலைக்கு எழுப்பத் தப்பு நல்லது, மேடையில் ஏற்ற மட்டும் கெட்டதா?

கண்டியில் இருந்துகொண்டு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. எசல பெரஹெராவில் கெட்ட பெர வாசிக்கிறவர்களைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து சனம் வருகிறது. அந்த வாசிப்பும் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களுக்குள் வந்ததுதான். அந்தக் குடும்பங்களையும் சாதிப் படியில் கீழேதான் வைத்திருந்தார்கள். இன்றைக்கு அது நாட்டின் பெருமை, பள்ளிக்கூடத்தில் பாடம். மதிப்பு ஏறியது அவர்கள் கை திடீரென்று திறமையானதால் இல்லை. பார்க்கிறவர்களின் கண் மாறியதால். ஆகவே 'திறமை' என்ற சொல்லை யாராவது எடுத்தால், யாருடைய திறமை, யார் அளந்தது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் அப்பாமார் காலத்துப் பொப் பாட்டுகளையே எடுங்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. ஒரு கிட்டார், பைலாத் தாளம், வீட்டில் பேசுகிற தமிழ், இடைக்கிடை சிங்களம். அந்தப் பைலாவைக் கொழும்பில் வளர்த்தவர்களில் முக்கியமான வொலி பஸ்தியன் பொலிஸில் வேலை செய்தவர். ராக ஆலாபனை கேட்கிற சபையில் இந்தப் பாட்டுகளுக்குப் பாயே விரித்திருக்க மாட்டார்கள். மனோகரன் 2018இல் காலமானார். இன்றைக்கும் ட்ரிப் போகிற பஸ் ஒன்றில் பேராதனைப் பாலம் தாண்ட முதல் 'சுராங்கனி' தொடங்கிவிடும். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று பார்க்காமல் முழு பஸ்ஸும் பாடும். எத்தனை வித்துவான்களின் பாட்டுக்கு அது நடக்கிறது?

திறமைதான் எல்லாம் என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1976 ஓகஸ்ட், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். மேடையில் எரிக் கிளப்டன். கிட்டாரில் அவரைக் கடவுள் என்று லண்டன் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். கறுப்பர்களின் புளூஸைப் படித்து வளர்ந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்தான் பொப் மார்லியின் பாட்டு ஒன்றைப் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனவர். அவர் அந்த மேடையில் நின்று, வெளிநாட்டவர்கள் நாட்டை விட்டுப் போகவேண்டும், ஈனொக் பவல் சொன்னதுதான் சரி என்று பேசினார். அதற்கு எதிராகக் கிளம்பியதுதான் 'ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம். 1978 ஏப்ரல் 30ஆம் திகதி லண்டன் விக்டோரியா பூங்காவில் அது பெரிய கூட்டம் ஒன்றைக் கூட்டியது. மேடையில் நின்றவர்களில் த கிளாஷ் குழு ஒன்று. அதன் பேஸ்காரர் போல் சிமனன் குழுவில் சேர்ந்த பிறகுதான் பேஸ் பிடிக்கவே பழகியவர், சுரங்களின் பெயரைக் கருவியின் கழுத்திலேயே குறித்து வைத்துப் பழகியவர். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பொலி ஸ்டைரீன், சோமாலியத் தகப்பனின் மகள். கடவுளின் விரல்கள் ஒரு பக்கம், பழகிக்கொண்டிருந்த விரல்கள் மறுபக்கம். அந்த வருஷங்களில் லண்டனில் அடி வாங்கிக்கொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு யார் தேவைப்பட்டார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

பெரியவருக்கு இவ்வளவும் போதும். இனி எங்களுக்கு.

எங்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். ஏனென்றால் அந்தக் குழுவில் சிட் விஷியஸை இழுத்தது நாங்கள்தான்.

சிட் விஷியஸ் யார்? செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் இரண்டாவது பேஸ்காரர். முதல் ஆள் கிளென் மட்லொக். அந்தக் குழுவின் பெரும்பாலான பாட்டுகளில் அவருடைய கை இருக்கிறது. 1977 பெப்ரவரியில் அவர் போனார், சிட் வந்தார். சிட்டுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் பார்க்க எடுப்பாக இருந்தார். அந்த வருஷம் வந்த அல்பத்தில் பேஸைப் பெரும்பாலும் வாசித்தது கிட்டார்காரரான ஸ்டீவ் ஜோன்ஸ். அதாவது நாங்கள் 'வாசிக்கத் தெரியாதவனின் புரட்சி' என்று கொண்டாடுகிற அந்தச் சத்தம், வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஸ்டூடியோவில் குந்தியிருந்து ஒழுங்காக வாசித்தது. மட்லொக்கின் படம் போட்ட சட்டை எந்தக் கடையிலாவது கண்டிருக்கிறீர்களா?

மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். சிட் நாஸிச் சின்னம் போட்ட சட்டையோடு திரிந்தார், ஆட்கள் அதிர்ந்து பார்க்கவேண்டும் என்பதற்காக. 1978 ஒக்டோபரில் நியூயோர்க் ஹோட்டல் அறை ஒன்றில் அவருடைய காதலி நான்சி ஸ்பங்கன் கத்திக்குத்துக் காயத்தோடு இறந்து கிடந்தார். வயது 20. கொலைக் குற்றம் சிட் மேல் சாட்டப்பட்டது. வழக்கு நடக்க முதல், 1979 பெப்ரவரி 2ஆம் திகதி, ஹெரோயின் கூடிப்போய் சிட்டும் செத்தார். வயது 21. இந்தப் பையனை நினைத்துப் பரிதாபப்படலாம். ஆனால் எங்கள் ஆட்கள் பரிதாபப்படுவதில்லை, கும்பிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் சாவும் அந்தக் கும்பிடுக்குள் ஒரு அலங்காரமாகப் போய்விடுகிறது. நாஸிச் சின்னத்தை 'சும்மா ஸ்டைல்' என்று விட்டுவிடுகிறோம். இந்த நாட்டில், சின்னங்களும் கொடிகளும் யாரை என்ன செய்யும் என்று தெரிந்த நாங்கள்.

பங்க் சொன்னது கும்பிடு என்று இல்லை. 1976 ஜூன் 4ஆம் திகதி செக்ஸ் பிஸ்டல்ஸ் மான்செஸ்டரில் ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்தது. நாற்பது பேர் வரைதான் வந்திருந்தார்கள் என்பார்கள். அதை ஒழுங்கு செய்த இரண்டு பையன்கள் பஸ்கொக்ஸ் குழுவைக் கட்டினார்கள். பார்க்க வந்த பீற்றர் ஹூக் அடுத்த நாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார், பக்கத்தில் நின்ற நண்பரோடு சேர்ந்து குழு தொடங்கினார். அதுதான் பிறகு ஜோய் டிவிஷன். பிறகு ஒரு கைப்பத்திரிகை மூன்று கோர்ட்களுக்கு விரல் வைக்கிற இடத்தைப் படமாக வரைந்து, இனிப் போய்க் குழு தொடங்கு என்று அச்சடித்தது. மேடையில் நிற்கிறவன் பெரிய ஆள் இல்லை, நீயும் ஏறலாம். பங்க் சொன்னது அவ்வளவுதான்.

நாங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். மேடையை இறக்கி வைத்தவர்களைத் தூக்கி அதைவிட உயரமான பீடத்தில் வைத்துவிட்டோம். கீழே நின்று சட்டையைப் போட்டுக்கொண்டு கைதட்டுகிறோம். அந்தப் படத்தில் மூன்று கோர்ட் இருந்தது என்பதையும் மறந்துவிட்டோம். மூன்று கோர்ட் என்றால் சைபர் இல்லை. விரல் நுனி தடிக்கும்வரை பழகினால்தான் மூன்றும் வரும். பீற்றர் ஹூக் பேஸ் வாங்கிய அடுத்த கிழமையே ஜோய் டிவிஷன் ஆகவில்லை. முதல் அல்பம் 1979இல் வந்தது, நடுவில் மூன்று வருஷ வாசிப்பு இருக்கிறது. அதற்குள் அவருக்கென்று ஒரு வாசிப்பு முறையே வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, பத்துப் பதினொரு வயதில் அகதியாக லண்டன் திரும்பியவர். படித்தது சங்கீதம் இல்லை, ஓவியமும் படமும். எலாஸ்டிக்கா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் இரவல் கொடுத்த ரோலண்ட் மெஷின் ஒன்றை வைத்துத்தான் முதல் பாட்டுகளைச் செய்தார். 2005இல் தகப்பனின் பெயரில் 'அருளர்' என்று அல்பம் வந்தது. 2007 அல்பத்தில் த கிளாஷின் பழைய பாட்டு ஒன்றின் இசையை எடுத்து அவர் செய்த பாட்டு உலகம் முழுக்கப் போனது. விக்டோரியா பூங்காவில் நின்ற குழுவின் சத்தம் முப்பது வருஷம் கழித்து ஒரு தமிழ்ப் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது. 'அவவுக்குப் பாடத் தெரியாது' என்று எங்கள் மாமாமார் இன்றைக்கும் சொல்வார்கள். அவ பாட வந்ததே சொல்ல வேண்டியது இருந்ததால்தான். ஆனால் அவவையும் கும்பிட வேண்டாம். பிறகு தடுப்பூசிக்கு எதிராக அவ கதைத்தபோது, அவவை அம்மன் மாதிரி வைத்திருந்தவர்களுக்கு வாய் திறக்க ஏலாமல் போனது. பாட்டை எடுத்தோம், பேச்சை விட்டோம் என்று சொல்கிற சுதந்திரம் பக்தனுக்கு இல்லை, கேட்கிறவனுக்குத்தான் உண்டு.

கடைசியாக, 'தப்புதான் எங்கட பங்க்' என்று அன்றைக்கு எழுதியவர்களுக்கு. நல்ல மனதோடுதான் எழுதினோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சிட் வாசிக்கத் தெரியாமல் நின்றதற்கு உலகம் கைதட்டியது. எங்கள் நண்பரின் தாத்தா அருமையாக வாசித்ததற்கு வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் விரும்பி எடுத்த கருவி இல்லை அது, சாவு வீட்டில் அடி என்று சொல்லி அடித்தது. அதனாலேயே தோட்டத்தில் எத்தனையோ பொடியன்மார் தப்பைத் தொடமாட்டேன் என்கிறார்கள். அந்த மறுப்பும் ஒரு போராட்டம்தான். இந்த நண்பர் அதைத் திரும்ப எடுத்திருக்கிறார், அது அவருடைய முடிவு. அவர் எடுத்தது நன்றாக வாசிக்க, நன்றாக வாசிக்கிறார் என்று மற்றவர்கள் கேட்க. அவரிடம் போய் 'பிழையா அடிச்சாலும் சூப்பர் மச்சான்' என்றால், அதுவும் பெரியவர் சொன்னதன் மறுபக்கம்தான். பெரியவர் அவருக்குத் திறமை இல்லை என்றார். நாங்கள் அவருக்குத் திறமை தேவையில்லை என்றோம். இரண்டு பேரும் அவர் வாசித்ததைக் கேட்கவில்லை.

அப்போ திறமை முக்கியமா? முக்கியம்தான். சொல்ல வந்தது மற்றவர் காதில் ஒழுங்காக விழவேண்டுமென்றால் அந்த அளவுக்காவது வேண்டும். சம்பளப் பாட்டில் ஒரு வரி விளங்காமல் போனால் நட்டம் பாட்டுக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கும்தான். ஆனால் அது வாசலில் நின்று கேட்கிற டிக்கெட் இல்லை. உள்ளே வந்து, நாலு பேர் முன்னால் பிழை விட்டு, திரும்ப வாசித்துத்தான் அது வரும். அதற்கு ஓர் இடம், ஒரு கருவி, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும். கிளாஸுக்குக் காசு கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு இவை மூன்றும் கிடைக்கும். லயத்துப் பிள்ளைக்கு இல்லை. 'திறமையா, உணர்வா' என்று இரவிரவாகச் சண்டை பிடிக்கிற நாங்கள், 'இடம் இருக்கா?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் குரல் பதிவு வரும்வரை எங்களுக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது இடம் இருக்கிறது. கட்டுக்கலைப் பக்கம் ஒரு நண்பரின் வீட்டுக்குப் பின்னால், பழைய சாமான் போட்டுவைத்த ஒரு ஷெட். தகரக் கூரை, மழை பெய்தால் பாட்டு கேட்காது, கண்டியில் மழை பெய்யாத பின்னேரம் எது? ஆனாலும் ஆறு சனிக்கிழமை கடந்துவிட்டது. மூன்று பேரும் வருகிறார்கள். இரவல் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட நாங்கள் காசு சேர்த்தோம். தப்புக்காரர் நெருப்பு மூட்டக் கொல்லையில் ஒரு மூலை கேட்டார், வீட்டம்மா கொடுத்தார். கீழ் வீட்டு மாமா முதல் இரண்டு கிழமை கத்தினார், மூன்றாம் கிழமை மதில் பக்கம் வந்து நின்று கேட்டார். சம்பளப் பாட்டு இப்போது பாதிக்கு மேல் சேர்கிறது.

அந்த விழா அடுத்த வருஷமும் வரும். பெயர் கொடுப்போம், தப்போடுதான். சுருதியைப் பற்றி அப்போது பெரியவர் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வோம். தப்பைப் பற்றிச் சொன்னால் கேட்கமாட்டோம்.

யாருக்காவது வர விருப்பமென்றால் வாங்க. பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கிட்டார் இருந்தால் ட்யூன் பண்ணிக்கொண்டு வாங்க. எங்கள் ரமோன்ஸ் சட்டைக்காரரும் வருகிறார். மூன்று கோர்டில் இரண்டைப் பிடித்துவிட்டார். மூன்றாவதுக்கு விரல் வலிக்குதாம்.